மற்றவர்களின் நான்

நவம்பர் 8, புதன்

பண்டாரவளை டவுனைத் தாண்டியும் வான் மலை ஏறிக்கொண்டே இருந்தது. பின் சீட்டில் இரண்டு பேர் சத்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. வவுனியாவில் இருந்து விடியவே பஸ் பிடித்து வந்தவளுக்கு வயிற்றில் என்ன மிச்சம் இருக்கும்.

பயிற்சி நிலையம் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு மண்டபம், ஒரு சாப்பாட்டு அறை, வரிசையாகப் படுக்கை அறைகள். எல்லோரும் இறங்கியதும் பனிப்புகாரைப் படம் பிடித்தார்கள். நான் கம்பளி கொண்டுவராத மடத்தனத்தை நினைத்து என்னையே திட்டிக்கொண்டு நின்றேன்.

பானரில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது: இளையோர், சமாதானம், பாதுகாப்புக்கான தேசியக் கூட்டணி. அமைச்சு, விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், தொண்டு நிறுவனங்கள், இளைஞர் கழகங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. நாட்டின் சமாதானத்தைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில் இளம் ஆட்களும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். மாவட்டத்துக்கு ஒருவராகப் பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள். நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன். நான் மொழிபெயர்ப்பாளர்.

இணைப்பாளர் நெத்மினி மிஸ் கொழும்பு. என்னைக் கண்டதும் தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல "நங்கி" என்று கட்டிப்பிடித்தார். ஜனவரியில் நிரந்தர வேலை என்று காதுக்குள் சொன்னார். இந்த மூன்று நாளையும் சண்டை சச்சரவு இல்லாமல் கொண்டுபோய்விடு என்றும் அதே மூச்சில் சொன்னார்.

மாலையில் என்னுடைய விதியை எல்லோருக்கும் இரண்டு மொழியிலும் விளங்கப்படுத்தினேன். யார் பேசினாலும் நான் "நான்" என்றுதான் சொல்வேன். "அவர் சொல்கிறார், அவள் சொல்கிறாள்" என்று இழுத்தால் நேரமும் போகும், ஆளும் குழம்பும். ஆகவே என் வாயில் "நான்" வந்தால் அது பேசுகிறவரின் நான். என்னைப் பார்க்க வேண்டாம், பேசுகிறவரைப் பாருங்கள் என்றேன். தலையாட்டினார்கள்.

இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். டியூட்டரியில் என்றேன்.

அம்மாவுக்கு போன் எடுத்தேன். கொட்டிலில் இருந்தா. அங்கேயும் மழையாம். தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கினமாம்.

நவம்பர் 9, வியாழன்

முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

வட்டமாகக் கதிரை போட்டு உட்காரவைத்து, "உங்களுக்குப் பாதுகாப்பு என்றால் என்ன" என்று நெத்மினி மிஸ் கேட்டார். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர். நடுவில் நான்.

ஒருவன் புத்திக. பதவியாப் பக்கம், போர்க்கால எல்லையில் ஒரு சிங்களக் கிராமம். இருபத்தாறு வயதிருக்கும், உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், இளைஞர் கழகத் தலைவர். மற்றவள் இசைமதி. முல்லைத்தீவு. முன்பள்ளி ஆசிரியை. மெல்லிய உடம்பு, ஆனால் வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

புத்திக சிங்களத்தில் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். எழுதினால் யாரும் கோபிக்கப் போவதில்லை. "சின்ன வயதில் இரவில் நாங்கள் வீட்டில் படுத்ததே இல்லை. காட்டுக்குள் படுத்தோம். இவர்களுடைய ஆட்கள் வந்து வெட்டுவார்கள் என்ற பயம். இப்போது வெளிநாட்டில் போய் நாங்கள்தான் கொலைகாரர்கள் என்று சொல்லித் திரிகிறார்கள்."

நான் தமிழில் சொன்னது: "சின்ன வயதில் நாங்கள் பயத்தில் காட்டுக்குள் படுத்தோம். அந்தப் பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை."

இசைமதி சொன்னது: "என்ர அண்ணாவை ஆமீன்ர கையில பிடிச்சுக் குடுத்தது என்ர அம்மா. சரணடைஞ்சா விடுவம் எண்டவை. பஸ்ஸில ஏத்தினதை நான் கண்ணால கண்டனான். பேந்து ஒரு தகவலும் இல்லை. அண்டைக்கு இவை பாற்சோறு காய்ச்சி வெடி கொளுத்தினவை."

நான் சிங்களத்தில் சொன்னது: "போர் முடிந்த நேரத்தில் என் அண்ணனைப் பற்றித் தகவல் இல்லாமல் போனது. அது எனக்கு ஆறாத கவலை."

பிடித்துக் கொடுத்தது, பஸ்ஸில் ஏற்றியது எல்லாம் விட்டுப்போனது. தொண்டை காய்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வைக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொல்வது.

அரிசியில் கல் பொறுக்குவதுபோலத்தான் இதுவும். கல்லையும் சேர்த்து உலையில் போடு என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். புத்திக தேநீர் நேரத்தில் தன்னுடைய பிஸ்கட்டை அவளிடம் நீட்டினான். நெத்மினி மிஸ் என் முதுகில் தட்டினார்.

நவம்பர் 10, வெள்ளி

விடிய ஒரு சத்தம். லொறி குப்புறக் கவிழ்ந்ததுபோல இருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், கீழ் வளைவில் ரோட்டைக் காணவில்லை. மேட்டிலிருந்து மண்ணும் மரமும் இறங்கி மூடிக் கிடக்கின்றன. மத்தியானத்துக்குள் மேல் பக்க ரோட்டிலும் ஓர் இடத்தில் சரிந்துவிட்டது. நடந்து போகலாம் என்று ஒருவன் வீரம் பேசினான். மழை விடும்வரை ஒருவரும் வெளிக்கிட வேண்டாம் என்று கீழே இருந்து தகவல் வந்தது.

நாளைக்கு மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தோம். இப்போது எப்போது என்று தெரியாது. கரண்டும் இல்லை. ஜெனரேட்டர் பின்னேரம் கொஞ்ச நேரம் ஓடும். போனுக்குச் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான், அங்கே எப்போதும் குடையோடு ஒரு வரிசை நிற்கிறது.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் ஃபர்ஹான். கண்டி அக்குறணை. போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். எல்லோரோடும் பகிடி விடுகிறவன். திரும்பாமலே சொன்னான்:

"அக்கா, நேத்து அவன் சொன்னது ஒண்டு, நீங்க சொன்னது வேற ஒண்டு."

எனக்குக் குளிர் கூடிவிட்டது. இவனுக்கு இரண்டு மொழியும் தண்ணிபட்ட பாடு என்பதை யோசிக்கவே இல்லை.

"சுருக்கிச் சொன்னேன்" என்றேன்.

"சுருக்கின மாதிரி இல்ல. கழுவி எடுத்த மாதிரி இரிக்கி."

"நெத்மினி மிஸ்ஸிட்டச் சொல்லப் போறீங்களா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "என்னத்துக்கு? எங்கட டவுன்ல கடைகள் எரிஞ்ச நேரம் சந்தியில நிண்டு ரெண்டு பக்கமும் பேசினத நான் கேட்டுக்கொண்டு நிண்ட. உங்கள மாதிரி ஒரு ஆள் நடுவுல நிண்டிருந்தா எங்கட கடை மிஞ்சியிருக்கும்." குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஆனா அக்கா, இங்க கொஞ்ச நாளைக்கி வெளிய போக ஏலாது. பாத்துக்கொள்ளுங்க" என்றான்.

சின்னப் பொடியன். எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான்.

நவம்பர் 11, சனி

பருப்பும் தேங்காய்ச் சம்பலும். காலையிலும் அது, மத்தியானமும் அது. மழை.

வெளியே போக முடியாததால் நெத்மினி மிஸ் நாள் முழுக்க அமர்வு வைக்கிறார். எனக்கு ஓய்வே இல்லை. புத்திகவுக்கும் இசைமதிக்கும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் "அக்கே, இதைக் கொஞ்சம் அவளிடம் சொல்லுங்களேன்" என்று அவன், "அக்கா, இவனிட்டக் கேளுங்கோ" என்று இவள். என் சோறு ஆறிப்போகிறது.

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு புத்திக சொன்னான்: "வவுனியாவில் ரோட்டோரம் கொட்டில் போட்டு இருக்கிற அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். காணாமல் போனவர்கள் என்று படத்தைப் பிடித்துக்கொண்டு. வெளிநாட்டுக் காசுக்குத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் பாரிசிலும் கனடாவிலும். ஆனால் அவர்களும் பாவம், யாரோ ஏமாற்றுகிறார்கள்."

நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே இரங்கித்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இசைமதியிடம் சொன்னேன்: "வவுனியாவில் ரோட்டோரம் இருக்கிற அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். அவர்களை நினைக்கப் பாவமாக இருக்கிறது."

பாவம் என்ற சொல்லை அவன் சொன்னான்தானே. இல்லாத ஒன்றையும் நான் சொல்லவில்லை.

இசைமதி அழுதுவிட்டாள். இவ்வளவு நாளும் அவள் வாயில் கேட்டது எல்லாம் வெட்டுத்தான். இப்போது கையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஒரு சிங்களப் பொடியன் எங்களைப் பற்றி இப்பிடிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்ர அம்மாவும் முல்லைத்தீவில அப்பிடித்தான் இருக்கிறா. வந்து எங்கட கொட்டிலில ஒரு நாள் இருக்கச் சொல்லுங்கோ அக்கா. அம்மாக்களுக்குப் பக்கத்தில இருக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் அவனிடம் சொன்னேன்: "எங்கள் ஊருக்கு வந்து அம்மாவோடு ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்கள்."

அவன் சிரித்துக்கொண்டு, "கட்டாயம் வருகிறேன். என் அம்மா சுடுகிற கொண்டைப் பலகாரம் கொண்டுவருகிறேன்" என்றான்.

அதை மட்டும் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அம்மாவுக்கு வரிசையில் நின்று போன் எடுத்தேன். வீட்டில் நிற்பா என்று நினைத்தேன், ஆனால் கொட்டிலில்தான் இருந்தா. இன்றைக்கும் போக வேண்டுமா என்று கேட்டால், "நல்ல நாளில படத்தைத் தனிய விடுறதே" என்றா.

வீட்டுக்குப் போகிற நாட்களில் நான் பஸ்ஸால் இறங்கி, கொட்டில் இருக்கிற ரோட்டை விட்டு, மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையால்தான் நடப்பேன். சுற்றுப் பாதைதான். ஆனால் அங்கே நிழல்.

பத்து மணி போலக் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். அந்த ஈரத்தில் எப்படிப் பற்றியதோ. முதல் வெடிக்கே இசைமதி மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் புத்திகவும் எதிர்ப்பக்கம் குனிந்திருக்கிறான். மேசைக்கு அடியில் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு நிற்கவே இல்லை.

அதற்கு நான் தேவைப்படவில்லை. நான் வெறுமனே கோப்பையோடு நின்றேன். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

நவம்பர் 13, திங்கள்

நெத்மினி மிஸ் காலையிலேயே கைதட்டி அறிவித்தார். கூட்டணியின் இளையோர் சபைக்கு இரண்டு இணைத் தலைவர்கள்: புத்திக, இசைமதி. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். "ஐந்து நாளில் இப்படி ஓர் உறவை நான் பார்த்ததே இல்லை" என்றார் மிஸ். "புத்திக எதையும் ஒளிக்காமல் கதைக்கிறான். அந்த அம்மாமாரைப் பற்றிச் சொன்னதைக்கூட இசைமதி எவ்வளவு பக்குவமாக ஏற்றுக்கொண்டாள் பார்த்தாயா நங்கி?"

அவர் சிங்களம் மட்டும்தான் அறிவார். அவன் சொன்னது முழுக்கவும் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு இசைமதி கண்ணீரோடு அவனை அழைத்தாள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

ரோடு திறந்ததும் விழாவை இங்கேயே வைக்கப் போகிறார்களாம். அமைச்சிலிருந்தும் தூதரகங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். புத்திக, இசைமதி இரண்டு பேரும் மேடையில் ஏறித் தங்கள் மொழியில் பேச வேண்டும். "நீ களைத்துப் போயிருக்கிறாய். அன்றைக்கு ஓய்வெடு" என்றார் மிஸ். "கொழும்பிலிருந்து மொழிபெயர்ப்பாளர்கள் வருகிறார்கள். காதில் மாட்டுகிற கருவியோடு. ஒரு சொல் விடமாட்டார்கள்."

நன்றி மிஸ் என்றேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. இப்போது ரோடு திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆள் இந்த மலையில் நான்தான்.

நவம்பர் 14, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. கீழே மண் அள்ளுகிற மெஷின் சத்தம் கேட்கிறது.

அம்மாதான் போன் எடுத்தா. நான் தாங்கிக்குப் பக்கத்தில் நிற்பேனோ மாட்டேனோ என்று காலையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தாவாம். குரலே வேறு மாதிரி இருந்தது.

"பிள்ளை, ஒரு சிங்களப் பொடியன் வந்து எங்களோட இருக்கப் போறானாமே. முல்லைத்தீவுக் கொட்டிலில ஒரு அம்மாவின்ர மகள் சொல்லியிருக்கிறாள். உங்கட கூட்டத்திலதானாம். உண்மையோ?"

இசைமதி தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா வவுனியாவுக்கு போன் எடுத்துச் சொல்லியிருக்கிறா. கொட்டிலுக்குக் கொட்டில் கதை போகும் என்பதை நான் மறந்தேனா, அல்லது மறக்க விரும்பினேனா தெரியவில்லை.

"முதல் இங்க வவுனியாவுக்கு வரட்டாம், பிறகு அங்க போகட்டாம் எண்டு நாங்கள் கதைச்சுப்போட்டம். பொடியன் என்ன சாப்பிடுவான்? நீதானே மொழிபெயர்க்கிறனி, நீ கேட்டிருப்பாய். வாய் நிறையத்தான் சொன்னவனோ?"

ஓம் அம்மா என்றேன்.

"அப்பா இருந்திருந்தா நல்லாச் சந்தோசப்பட்டிருப்பார்" என்றா. இருந்திருந்தால் என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. உடனே தானே திருத்தி, "வந்த உடன சொல்லுவம்" என்றா.

இதையும் எழுதிவிடுகிறேன். சிங்களம் நான் எந்த டியூட்டரியிலும் படிக்கவில்லை. அப்பாவின் சைக்கிள் கடைக்கு வருகிற ஆட்களில் பாதிப்பேர் சிங்களம். பங்குனியில் ஒரு நாள் சைக்கிள் திருத்த வந்தவர்கள்போல மூன்று பேர் வந்தார்கள். அப்பாவை விசாரித்து முடித்துவிட்டுக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். சிங்களத்தில்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு விளங்கவில்லை. நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்போது நான்காம் வகுப்பு.

நவம்பர் 15, புதன்

தொண்டை போய்விட்டது என்று காலையில் எழுதிக் காட்டினேன். சுத்தப் பொய். கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு கொத்தமல்லித் தண்ணீர் குடித்தேன்.

நெத்மினி மிஸ் ஃபர்ஹானிடம் போய்க் கேட்டார். அவன், "எனக்கி அந்த வேலை சரிவராது மிஸ்" என்று ஒதுங்கிவிட்டான். அமர்வு இல்லை. புத்திகவும் இசைமதியும் நாள் முழுக்கக் கரம் பலகையில் விளையாடினார்கள். சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்று அவள் சிங்களம் சொன்னாள், "ஓம், ஓம்" என்று அவன் தமிழ் சொன்னான். அவள் சிவப்புக் காயை விழுத்தியதும் அவன் தலையில் கைவைத்தான். பார்த்துக்கொண்டிருக்க நன்றாகத்தான் இருந்தது.

ஃபர்ஹான் பக்கத்தில் வந்து குந்தினான்.

"நாளைக்கி ரோட்டு திறக்குதாம். சனிக்கிழமை விழா. அந்தக் கொழும்பு ஆக்கள் வந்து சொல்ல முந்தி நீங்களே சொல்லிருங்க அக்கா."

தொண்டையைக் காட்டினேன்.

"அது எனக்கும் வெளங்குது" என்றான். "நான் ஆரம்பத்தில சொல்லியிருக்கணும். எனக்கும் பாக்க ஆசயா இருந்திச்சி, அதான்."

இவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

நவம்பர் 16, வியாழன்

ஒத்திகை. மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தொண்டை சரியாகிவிட்டதா என்று கேட்டார்கள். சரி என்றேன். வழமைபோல இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். நெத்மினி மிஸ், ஃபர்ஹான், மற்றப் பிள்ளைகள் எல்லாம் முன்னால்.

புத்திக வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தான். பாடமாக்கி வந்திருந்தான். "நான் இங்கே வரும்போது கோபத்தோடு வந்தேன். இசைமதி நங்கி அதை மாற்றிவிட்டாள். ரோட்டோரம் காசுக்காக இருக்கிற அம்மாமார்மேல் இனி எனக்குக் கோபம் இல்லை. அவர்களை ஏமாற்றுகிறவர்களிடமிருந்து பிரித்து, கொட்டில்களைக் கழற்றி, மரியாதையாக வீட்டுக்கு அனுப்புவதுதான் எங்கள் சபையின் முதல் வேலை. இசைமதியும் இதற்குச் சம்மதம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இசைமதி சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டு நின்றாள்.

இதில் எதை எடுத்து எதைக் கொடுப்பது. ஒன்றுமே இல்லை. நான் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது சிங்களம்.

"அவர்கள் காசுக்கு இருக்கவில்லை" என்றேன். "என் அம்மா அங்கே இருக்கிறாள். காலையில் சோறு கட்டிக்கொண்டு போகிறாள். ஒரு தேத்தண்ணிக்கும் யாரும் அவளுக்குக் காசு கொடுத்ததில்லை. என் அப்பாவைக் கடையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொண்டுவந்து விடுகிறோம் என்று சொன்னார்கள். என் அப்பா பாரிசில் இல்லை. இருந்தால் எனக்கு ஒரு போன் எடுத்திருப்பார்."

எல்லோரும் இசைமதியைப் பார்த்தார்கள்.

புத்திகவின் முகம் மாறிவிட்டது. அவளிடம்தான் கேட்டான், மெதுவாக: "உன் அப்பாவையுமா? அண்ணன் என்றுதானே சொன்னாய்." நெத்மினி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து இசைமதியின் தோளில் கைவைத்தார். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைத்தவள் நான்தானே.

இசைமதி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "என்னக்கா? ஏன் எல்லாரும் என்னைப் பாக்கினம்? நான் இன்னும் வாயே திறக்கேல்லயே."

ஃபர்ஹான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இசைமதி பேசவில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். "இப்போது பேசியது துஷாந்தினி."

"துஷாந்தினி யார்?" என்று கேட்டான் புத்திக.

ஒன்பது நாளும் அவனுக்கு நான் அக்கே. பெயரை அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவனுக்கு, பிறகு அவளுக்கு. அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன். அவள் என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன். பஸ், பாற்சோறு, பாரிஸ், காசு, கொட்டில், ஒன்றையும் விடவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நடுவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

புத்திக கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்படியென்றால் அவள் சிநேகம் பிடித்தது என்னோடு இல்லை" என்றான். "நீங்கள் செய்த ஓர் ஆளோடு. நான் அந்த ஆள் இல்லை, அக்கே." அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைச் சேர்ட்டோடு போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

இசைமதி நின்ற இடத்திலேயே நின்றாள். "அவன் சொன்னதை என்ர முகத்துக்கு நேர சொல்லியிருந்தா நான் அண்டைக்கே நல்லாக் குடுத்திருப்பன். அவனும் திருப்பித் தந்திருப்பான். அது எங்கட பாடு. நீங்கள் ஆர் அக்கா அதைப் பொறுக்கி எடுக்க?"

அவள் சொல்வது சரி.

"உங்கட அம்மாவும் அங்க இருக்கிறா எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்களா? ஒரே அறையிலதானே படுத்தனாங்கள்."

ரோடு பின்னேரம் திறந்துவிட்டது.

நவம்பர் 17, வெள்ளி

விழா தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இணைத் தலைவர்கள் பற்றி யோசிப்பார்களாம். ஜனவரி பற்றி நெத்மினி மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே நங்கி" என்று மட்டும் சொன்னார். எதை முதலே சொல்லியிருக்கலாம் என்று கேட்க நினைத்துவிட்டு விட்டேன்.

வான்கள் வந்தன. புத்திக பையை ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்தான். "உங்கள் அப்பாவுடையது என்ன கடை?" என்று கேட்டான். சைக்கிள் கடை என்றேன். எங்கே என்று கேட்டான். சொன்னேன். "நான் இன்னும் அதை நம்பவில்லை. காசு இல்லை என்பதை" என்றான். "ஆனால் நீங்கள் பொய் சொல்கிற ஆள் என்று தெரிந்தும், நேற்று சொன்னது பொய்போல இல்லை." போய் வானில் ஏறிவிட்டான். இசைமதி இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவன் பின்னால் போய் உட்கார்ந்தான்.

இசைமதி கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள். "என்ர அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். உங்கட அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டன். அது உங்கட வேலை."

வவுனியாப் பக்கம் போகிற வான் பிறகுதான். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இன்றைக்கு வரிசை இல்லை. போன் எடுத்தேன்.

"எப்ப பிள்ளை வாறான்?" என்றா அம்மா, நான் ஹலோ சொல்ல முதலே.

"அவன் வரமாட்டான் அம்மா."

"ஏன், சுகமில்லையோ?"

"இல்லை. அவன் அப்பிடிச் சொல்லவே இல்லை. நான்தான் மாத்திச் சொன்னனான்."

பின்னால் லொறி ஒன்று போகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு அம்மா, "என்னவாம், என்னவாம்" என்று கேட்டா. அம்மா என்னிடம்தான் கேட்டா.

"உள்ளதை என்ன சொன்னவன்?"

சொன்னேன். காசு, பாரிஸ், எல்லாம். தமிழில் அதைச் சொல்வது மலையை விழுங்குவதுபோல இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லும் விடவில்லை.

அம்மா கேட்டு முடித்துவிட்டு, "பிளாஸ்டிக் கதிரை ஒண்டு இரவல் வாங்கி வச்சிருந்தம்" என்றா. "பொடியன் கீழ இருந்து பழக்கமில்லாமல் இருப்பான் எண்டு. கழுவித் துடைச்சு, மழை படாம தறப்பாளால மூடி வச்சிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் வராதது.

"நான் வாறன் அம்மா" என்றேன். "இண்டைக்குப் பின்னேரம் வந்துடுவன். வீட்டை இல்லை, அங்க வாறன்."

"நீயோ?"

"ஓம்."

"வா. ஆனா கதிரையைத் திருப்பிக் குடுத்துப்போடுவன்" என்றா. "நீ கீழ இரு. பாயில, என்ர பக்கத்தில."